கான்வென்ட் கணக்கில் நோட்டர் டேமை அளக்காதீர்கள்

கேள்வி: என் மகள் ப்ளஸ் டூ முடிக்கிறாள். அமெரிக்காவில் நோட்டர் டேம், பர்டூ இரண்டு பல்கலைக்கழகங்களிலும் கணினி அறிவியலுக்கு இடம் கிடைத்திருக்கிறது. நோட்டர் டேமில் உதவித்தொகை போக வருடத்துக்கு 24,000 டாலர் நாங்கள் கட்ட வேண்டும். பர்டூவில் உதவி இல்லை, ஏறத்தாழ 45,000 டாலர் ஆகும் என்கிறார்கள். நாங்கள் இந்துக் குடும்பம். "மதம் மாத்திடுவாங்க" என்கிறார் மாமியார். "ஃபாதருங்க நடத்துற இடம்னா ஒழுக்கமா இருக்கும், கண்ணை மூடிக்கிட்டு அனுப்பு" என்கிறார் கணவர். நியூஜெர்சியில் இருக்கும் கொழுந்தனார், "அது வெறும் ஃபுட்பால் காலேஜ்" என்கிறார். மகளோ கணினியோடு கொஞ்சம் தத்துவமும் படிக்க வேண்டும் என்கிறாள். மே 1க்குள் பதில் சொல்ல வேண்டும். நிறை, குறை இரண்டையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். — மதுரை வாசகி

பதில்:

அம்மா, வணக்கம். உங்கள் மாமியாரின் பயமும் கணவரின் நம்பிக்கையும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன: நம்மூர் கான்வென்ட். நானும் திருச்சியில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்தவள்தான். ஞானோபதேச வகுப்புக்கு மணி அடித்ததும் கத்தோலிக்கப் பிள்ளைகள் எழுந்து போவார்கள். மிச்சம் இருக்கும் எங்களுக்கு நீதிபோதனை. வகுப்பில் ஐம்பது பேர் என்றால் எழுந்து போனவர்கள் பத்துப் பேர் இருந்தால் அதிகம். மதம் என்பது அங்கே நிர்வாகத்தின் அறையில் இருந்தது. பக்கத்து பெஞ்சில் இருந்தவள் நம்மைப் போன்றவள்தான்.

நோட்டர் டேமில் இது அப்படியே தலைகீழ். இளநிலை மாணவர்கள் பத்துப் பேரில் ஏறத்தாழ எட்டுப் பேர் கத்தோலிக்கர்கள். பாடம் நடத்துகிறவர்களில் பெரும்பாலானோர் ஃபாதர்கள் அல்ல. உங்கள் மகளுக்கு அங்கே மதம் எதிர்ப்படுவது மேலிருந்து வரும் உத்தரவாக இருக்காது. ரூம்மேட்டாக, எதிர் அறைத் தோழியாக, சாப்பாட்டு மேசையில் நடக்கும் சாதாரணப் பேச்சாக இருக்கும். அதனால் கேட்க வேண்டியது "மாத்திடுவாங்களா" என்பதல்ல. யாரும் மாற்ற மாட்டார்கள். "எல்லோரும் ஒன்றாயிருக்கும் இடத்தில், யாரும் தொந்தரவு செய்யாவிட்டாலும், தான் மட்டும் வேறு என்று நான்கு வருடம் இருக்க இவளுக்கு வருமா?" என்பதே கேள்வி. அதற்கு மாமியாராலும் பதில் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

முதலில் இந்த இடம் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது பிடிபடாது. 1842இல் எட்வர்ட் சோரின் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இண்டியானா மாநிலத்தின் பனிக்காட்டில் ஒரு ஏரிக்கரையில் தொடங்கியது. முழுப் பெயரே "ஏரிக்கரை மாதா" என்றுதான் பொருள்படும். (பிரெஞ்சுக்காரர் "நோத்ர் தாம்" என்பார்கள். அமெரிக்காவில் அப்படிச் சொன்னால் பாரிஸ் தேவாலயத்தைக் கேட்பதாக நினைத்துக்கொள்வார்கள். இங்கே "நோட்டர் டேம்"தான்.) அந்தக் காலத்து அமெரிக்காவில் கத்தோலிக்கர், அதிலும் ஐரிஷ், இத்தாலி, போலந்திலிருந்து கப்பலேறி வந்த ஏழைக் கத்தோலிக்கர், இரண்டாந்தரக் குடிகள். 1924இல், கத்தோலிக்கரையும் வெறுத்த வெள்ளையினவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் கிளான் பக்கத்து ஊரான சவுத் பெண்டில் கூட்டம் போட வந்தபோது, நோட்டர் டேம் மாணவர்கள் ரயிலடிக்கே போய் அவர்களோடு மோதினார்கள். அந்தப் பிள்ளைகள் ஜெயித்துக் காட்டக் கிடைத்த ஒரே மைதானம் ஃபுட்பால் (நம்மூர் கால்பந்து இல்லை, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம்). பல்கலைக்கழகத்துக்குள் கால் வைக்காத சுரங்கத் தொழிலாளிகூட, ஞாயிற்றுக்கிழமை நாளிதழில் "நம்ம பசங்க" ஜெயித்தார்களா என்று தேடினார்.

எனவே உங்கள் கொழுந்தனார் சொல்வது பாதி சரி. சவுத் பெண்ட் ஊரின் மக்கள்தொகையே ஏறத்தாழ ஒரு லட்சம். வளாகத்து அரங்கத்தில் 77,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஆட்டம் நடக்கும் சனிக்கிழமை காலையில் சாப்பாட்டுக் கூடத்துக்கு நடப்பது, சித்திரைத் திருவிழா அன்று கீழமாசி வீதியைக் கடப்பது மாதிரி. நூலகத்தின் முகப்பில் கைகளை உயர்த்திய இயேசுவின் பிரம்மாண்டமான சுவரோவியம் ஒன்று இருக்கிறது. அரங்கத்திலிருந்து பார்த்தால் நடுவர் இரு கைகளையும் தூக்கி "டச்டவுன்" என்று ஸ்கோர் கொடுப்பது போலவே இருப்பதால் அதற்கு "டச்டவுன் ஜீசஸ்" என்று பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தக் குறும்பு பிடிக்கும். ஆனால் "வெறும்" என்ற சொல் தவறு. அந்தப் பழைய இரண்டாந்தர நினைவிலிருந்து பிறந்ததுதான், எல்லோரும் பேசும் நோட்டர் டேம் முன்னாள் மாணவர் பிணைப்பும். நியூயார்க் வங்கியிலோ சிகாகோ ஆலோசனை நிறுவனத்திலோ இருக்கும் ஒருவர், முன்பின் பார்த்திராத இருபது வயதுப் பெண் அனுப்பும் மின்னஞ்சலுக்கு, அதே பல்கலைக்கழகம் என்ற ஒரே காரணத்துக்காகப் பதில் போடுவார். மற்ற பெரிய பல்கலைக்கழகங்களிலும் இது உண்டு. இவ்வளவு சூடாக எல்லா இடத்திலும் கிடையாது.

சரி, இப்போது விடுதி. நிறை, குறை இரண்டும் இதிலிருந்துதான் முளைக்கின்றன என்பதால் இதைத்தான் விரிவாகச் சொல்லப்போகிறேன்.

அங்கே விடுதி என்பது தூங்குகிற இடம் இல்லை. ஹால் என்பார்கள். ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. முதல் வருடம் எந்த ஹால், யார் ரூம்மேட் என்பதைப் பல்கலைக்கழகமே முடிவு செய்யும். ஆறு பருவங்கள், அதாவது மூன்று வருடம், வளாகத்தில் தங்கியே ஆக வேண்டும். பெரும்பாலானவர்கள் அத்தனை வருடமும் ஒரே ஹாலில்தான் இருப்பார்கள். ஒவ்வொரு ஹாலுக்கும் ஒரு கொடி, ஒரு சின்னம், ஒரு அணி, ஒரு சிற்றாலயம், கூடவே அங்கேயே தங்கும் ஒரு ரெக்டர், அதாவது விடுதிப் பொறுப்பாளர். அவர் ஃபாதராகவோ சிஸ்டராகவோ, இரண்டும் இல்லாத பொதுநிலையினராகவோ இருக்கலாம். மற்ற அமெரிக்கக் கல்லூரிகளில் பணக்காரப் பிள்ளைகள் கூடும் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்ட மாணவர் சங்கங்கள் இங்கே கிடையாது. அந்த இடத்தை ஹால் எடுத்துக்கொள்கிறது. அந்தச் சங்கங்களில் உங்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பார்கள், பிடிக்காவிட்டால் ஒதுக்குவார்கள். ஹாலில் யாரையும் ஒதுக்க முடியாது, ஏனென்றால் யாரையும் யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. பதினெட்டு வயதில் கடல் தாண்டிப் போகும் பெண்ணுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு பிப்ரவரியில், எனக்குத் தெரிந்த மாணவி ஒருத்தியைப் பார்க்கப் போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை இரவு. அவளுடைய ஹாலில் பூசை நேரம். பெண்கள் பைஜாமாவும் செருப்புமாக, ஈரத் தலையோடு, மாடியிலிருந்து இறங்கி சிற்றாலயத்துக்குள் போய்த் தரையில் உட்கார்ந்துகொண்டிருந்தார்கள். அந்தப் பக்கமாக ஒரு பெண் துணிக்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஆலய வாசலில் ஒரு நொடி நின்றாள், உள்ளே இருந்த தோழிக்குக் கை காட்டினாள், கூடையை இடுப்பில் மாற்றி வைத்துக்கொண்டு மாடியேறிப் போய்விட்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பூசை முடிந்து பிஸ்கட் தட்டு வெளியே வந்ததும் முதல் ஆளாக அவளும் வந்து நின்றாள். எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இருக்கிறதே என்று பார்த்தால், தெலுங்கில் ஃபோன் பேசிக்கொண்டிருக்கிறாள்.

அந்தப் பெண்ணை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். அவளுக்கு எந்தக் குறையும் இல்லை, பிஸ்கட்டும் கிடைத்தது. ஆனால் ஹாலின் வாரம் எந்த நேரத்தைச் சுற்றிச் சுழல்கிறதோ அந்த நேரத்தில் அவள் வாசலில் இருந்தாள். சில பிள்ளைகளுக்கு இது உறைக்கவே உறைக்காது. வேளாங்கண்ணியில் மெழுகுவர்த்தி ஏற்றி வளர்ந்த நம்மூர்ப் பிள்ளைகளில் பலர் அந்த வகை. அங்கே ஏரியோரம், பிரான்ஸின் லூர்து மாதா குகையைப் போல 1896இல் கட்டிய ஒரு கெபி இருக்கிறது. தேர்வுக்கு முதல் நாள் இரவு அதன் முன்னால் எரியும் மெழுகுவர்த்திகளில் எது எந்த மதத்துப் பிள்ளை ஏற்றியது என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாது. வேறு சில பிள்ளைகளுக்கோ அந்த ஒரு நொடி வாரா வாரம் சேர்ந்து மூன்றாவது வருடத்தில் பாரமாகிவிடும். வேறொரு கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கு நான் அனுப்பிய பையன் ஒருவன் அப்படித்தான் இரண்டாம் வருடம் முடிந்து மாற்றிக்கொண்டு வந்தான். யாரும் அவனை ஒன்றும் சொல்லவில்லை. "அதுதான் மேடம் பிரச்சினையே" என்றான்.

அப்புறம் உங்கள் கணவர் எதிர்பார்க்கும் ஒழுக்கம். விதி உண்டு. எதிர்பாலினத்தவர் அறைக்கு வரலாம், ஆனால் வாரநாளில் நள்ளிரவுக்குள், வெள்ளி சனியில் இரவு 2 மணிக்குள் வெளியேறிவிட வேண்டும். "பரைட்டல்ஸ்" என்று அதற்குப் பெயர். அமெரிக்கப் பிள்ளைகள் இதைக் கொடுமை என்று புலம்புவார்கள். நம்மூரில் ஆறரைக்கு கேட் பூட்டும் பெண்கள் விடுதியைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும். ஆனால் அதை வைத்து, பீர் இல்லாத ஊர் என்று அவர் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். ஆட்டத்துக்கு முன் கார் நிறுத்துமிடத்தில் நடக்கும் கொண்டாட்டத்தைப் பார்த்தால் அந்தக் கற்பனை அரை மணி நேரத்தில் கலைந்துவிடும். அது அமெரிக்க வளாகம்தான், கதவு மூடும் நேரம் மட்டும் கொஞ்சம் முன்னால். திருச்சபை நிலைப்பாட்டின் தாக்கம் வேறு இடங்களில் தெரியும்: வளாகத்தில் ஆணுறை விற்பதில்லை, தன்பாலீர்ப்பு மாணவர்களுக்கான அமைப்புக்கு நெடுங்காலம் அனுமதி மறுத்து, 2012இல்தான் ஒப்புக்கொண்டார்கள். உங்கள் மகளுக்கு இவை முக்கியமா என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். சொல்ல இடம் கொடுத்துக் கேளுங்கள், முடிந்தால் மாமியார் இல்லாத நேரத்தில்.

படிப்புக்கு வருவோம். எல்லா மாணவர்களும், கணினி படித்தாலும் கணக்கியல் படித்தாலும், இறையியலில் இரண்டு பாடமும் தத்துவத்தில் ஒரு பாடமும் எடுக்க வேண்டும். நான்காவதாக இன்னொரு தத்துவப் பாடமோ கத்தோலிக்கச் சிந்தனையோடு ஒரு துறையை இணைக்கும் பாடமோ எடுக்கலாம். இந்துப் பிள்ளைகளுக்கு நீதிபோதனை என்ற விலக்கெல்லாம் கிடையாது. ஆனால் அது ஞானோபதேசமும் இல்லை. விவிலியத்தையும் பழைய கிறிஸ்தவச் சிந்தனையாளர் அகஸ்டினையும் நாம் திருக்குறள் உரைகளை அலசுவது போல எடுத்துவைத்து அலசி, கட்டுரை எழுத வேண்டும். நம்பிக்கைக்கு மதிப்பெண் இல்லை, வாதத்துக்குத்தான். பூசைக்குப் போவதும் கட்டாயம் இல்லை.

உங்கள் மகள் தத்துவம் என்று சொன்னது வெறும் பேச்சு இல்லை என்றால், அவள் அதிர்ஷ்டசாலி. ஆங்கிலம் பேசும் உலகின் பெரிய தத்துவத் துறைகளில் அது ஒன்று. மார்க்சியத்திலிருந்து கத்தோலிக்கத்துக்கு வந்த அலஸ்டேர் மக்கின்டயரும், கத்தோலிக்கரே அல்லாத, புராட்டஸ்டன்ட் கால்வின் மரபுக்காரரான ஆல்வின் பிளான்டிங்காவும் அங்கே கற்பித்தவர்கள். இந்தச் சுதந்திரம் தானாக வந்ததில்லை. 1952 முதல் 1987 வரை தலைவராக இருந்த ஃபாதர் தியோடர் ஹெஸ்பர்க், 1967இல் மற்ற கத்தோலிக்கக் கல்வியாளர்களோடு சேர்ந்து, கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்துக்கும் வெளி அதிகாரத்திலிருந்து முழுக் கல்விச் சுதந்திரம் வேண்டும் என்று அறிக்கை விட்டார். அதே வருடம் நிர்வாகத்தையும் பொதுநிலையினர் நிறைந்த குழுவிடம் கொடுத்தார். தலைவர் மட்டும் இன்றும், சோரின் இருந்த அதே திருச்சிலுவை சபைக் குருதான். அதனால் இழுபறி ஓயவில்லை. 2009இல் பட்டமளிப்பு விழாவுக்கு ஒபாமாவை அழைத்தபோது, கருக்கலைப்பு உரிமையை ஆதரிப்பவரை எப்படி அழைக்கலாம் என்று ஆயர்கள் பலரே கொதித்தார்கள். ஒரு பக்கம் "இது போதுமான அளவு கத்தோலிக்கம் இல்லை" என்பார்கள், மறுபக்கம் "ரொம்பக் கத்தோலிக்கம்" என்பார்கள். இரண்டு பக்கமும் திட்டும் இடத்தில் பிள்ளைகள் கொஞ்சம் யோசிக்கக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது என் அனுபவம்.

ஆனால் கணினி அறிவியல் மட்டும்தான் வேண்டும் என்றால் பேச்சு வேறு. அங்கே பர்டூ கனமான பெயர். அமெரிக்காவின் முதல் கணினி அறிவியல் துறை 1962இல் அங்கேதான் தொடங்கியது. நீல் ஆம்ஸ்ட்ராங் படித்த இடம். துறை பெரியது, ஆய்வகங்கள் பெரியவை, இளநிலையில் மட்டும் 40,000 பேருக்கு மேல் படிக்கிறார்கள். இந்தியப் பிள்ளைகள் ஏராளம். பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் கிடைக்காமல் போகாது. நோட்டர் டேமின் பொறியியல் நல்லதுதான், ஆனால் அந்தப் பல்கலைக்கழகத்தின் முகம் அது இல்லை. வணிகம், சட்டம், தத்துவம், இறையியல், அப்புறம் மூன்றாம் வருடத்தை ரோம் நகரத்தில் கழிக்க வைக்கும் கட்டடக் கலை, இவைதான் முகம். இளநிலையில் மொத்தமே 9,000 பேர் அளவில்தான். பேராசிரியருக்கு உங்கள் மகளைப் பெயர் சொல்லித் தெரியும். ஆனால் இயந்திரக் கற்றலில் ஏதோ ஒரு நுணுக்கமான பாடம் வேண்டும் என்றால், அது இந்தப் பருவம் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும்.

இதில் ஒரு விசா நுணுக்கம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. படிப்பு முடிந்தபின் மாணவர் விசாவிலேயே ஒரு வருடம் வேலை செய்யலாம். அறிவியல், தொழில்நுட்பப் பட்டம் என்றால் கூடுதலாக 24 மாதம். இவள் தத்துவத்தில் மயங்கிக் கணினியை விட்டுவிட்டால் அந்த 24 மாதமும் போய்விடும். இரண்டையும் எடுக்கட்டும், கணினியை விடாமல். இந்த விதிகள் அடிக்கடி மாறுகின்றன என்பதால் இதை மட்டும் நம்பிக் கடன் வாங்காதீர்கள்.

பணம். உங்களுக்கு வந்திருக்கும் கடிதம் தற்செயல் இல்லை. ஏறத்தாழ 20 பில்லியன் டாலர் நிதியம் வைத்திருக்கும் பல்கலைக்கழகம் அது. 2024 செப்டம்பரில், புதிய தலைவர் ஃபாதர் ராபர்ட் டவுட் பொறுப்பேற்றதை ஒட்டி, வெளிநாட்டு மாணவர்களுக்கும் குடும்ப வசதியைப் பார்க்காமலேயே இடம் கொடுப்போம், தேவையான உதவியைக் கடனாக இல்லாமல் கொடுப்போம் என்று அறிவித்தார்கள். முழுச் செலவு வருடத்துக்கு 85,000 டாலருக்கு மேல். அதில் உங்கள் பங்கு 24,000 என்றால், பர்டூவைவிட நான்கு வருடத்தில் 84,000 டாலர் மிச்சம். மதுரையில் ஒரு வீட்டு விலை அது. ஆனால் இது தேவையைப் பொறுத்த உதவி. வருடா வருடம் வருமான விவரம் கேட்பார்கள். உங்கள் கணவர் இடையில் ஒரு சொத்து விற்றால் கணக்கு மாறலாம். "என் மகளின் உதவித்தொகையை ஒவ்வொரு வருடமும் எதை வைத்து நிர்ணயிப்பீர்கள்?" என்று உதவித்தொகை அலுவலகத்துக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சின்னக் குறைகளும் உண்டு. மிச்சிகன் ஏரிப் பக்கமிருந்து வரும் பனி, நவம்பரில் தொடங்கினால் மார்ச் வரை விடாது. சிகாகோ 150 கிலோமீட்டர். ரயிலில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். நம்மூரில் அந்தப் பெயரைச் சொன்னால் "பாரிஸ்ல எரிஞ்சுதே, அந்த சர்ச்சா?" என்று கேட்பார்கள். இந்தியாவுக்குத் திரும்பி வேலை தேடினால் பர்டூ என்ற பெயர் வேகமாகப் பிடிபடும். பழைய விடுதிகள் பலவற்றில் ஏசி கிடையாது. மதுரைப் பிள்ளைக்கு அது ஒரு குறையாகவே தெரியாது என்று நினைக்கிறேன். முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளுக்கு நுழைவில் முன்னுரிமை கொடுக்கும் பழக்கம் அங்கே பலமாக இருந்து வந்திருக்கிறது. அப்பா, தாத்தா, மாமா எல்லோரும் அங்கே படித்தவர்கள் என்று சொல்லும் பிள்ளைகள் நடுவே இவள் புதிதாக வந்தவளாக இருப்பாள்.

என் அபிப்பிராயம் கேட்டீர்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் நான் நோட்டர் டேம் பக்கம் சாய்கிறேன். பணம் ஒரு காரணம், தத்துவம் இன்னொரு காரணம். ஆனால் இவள் தத்துவம் என்று சொன்னது அங்கே விண்ணப்பக் கட்டுரைக்காக மட்டும்தான், மனசு முழுக்கக் கணினியில் என்றால், வங்கிக் கடனைத் தாங்க முடியுமானால், பர்டூ.

பதில் சொல்வதற்கு முன் ஒரு வேலை. புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் தற்போதைய மாணவர்களோடு பேச ஏற்பாடு செய்து தருவார்கள். இந்தியப் பெண் ஒருத்தியையும், கத்தோலிக்கர் அல்லாத அமெரிக்கப் பெண் ஒருத்தியையும் கேட்டு வாங்கி, உங்கள் மகளைத் தனியாகப் பேச விடுங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டாம். "பாதுகாப்பா இருக்கா, சாப்பாடு நல்லா இருக்கா" என்று கேட்டால் வழக்கமான பதில்தான் வரும். "ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு நீ எங்கே இருப்பாய், யாரோடு இருப்பாய்?" என்று கேட்கச் சொல்லுங்கள். வரும் பதிலைக் கேட்டுவிட்டு உங்கள் மகள் முகம் எப்படி இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

இன்னொன்று. எங்கே போனாலும் இண்டியானாதான். குளிர் கோட்டை மதுரையில் வாங்காதீர்கள். ஆகஸ்டில் போய் இறங்கி, அக்டோபரில் அங்கேயே வாங்கட்டும்.